லிவர் முத்திப்போனவங்களுக்கு தலை சுத்தினா: உப்புத்தண்ணி கரைக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

எங்க அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது லிவர் இறுகி முத்திப்போச்சுன்னு தெரிஞ்சதுக்கப்புறம் நாலரை வருஷம் வீட்லயே வச்சு பாத்துக்கிட்டோம். ஒரு சொட்டு குடிச்சதில்லாத மனுஷன், சுகர் மட்டும் இருந்துச்சு, பத்து வருஷம் முன்னாடி ஏதோ ஒரு ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு எழுதியிருந்தத யாரும் பெருசா எடுத்துக்கல, அது உள்ளுக்குள்ளயே முத்தி வயித்துல தண்ணி கோத்தப்பதான் கண்டுபிடிச்சாங்க. வயிறு வீக்கம், மஞ்சக்காமாலை, ரத்த வாந்தி பத்தியெல்லாம் டாக்டரே சொல்லிடுவாங்க, ஆனா வீட்ல எங்கள தினமும் பயமுறுத்தினது தலைசுத்தல்தான். காலைல எந்திரிச்சா சுத்துது, குளிச்சிட்டு வந்தா சுத்துது, சாமி கும்பிட நின்னா சுத்துது. அதப்பத்தி மட்டும் உருப்படியா சொல்லித்தர ஆளே கிடைக்கல, நாங்களா பட்டு பட்டுத்தான் கத்துக்கிட்டோம், அதத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல நாங்க பண்ண தப்பு. ஒருநாள் விடியக்காலம் அப்பா பாத்ரூம் வாசல்ல சரிஞ்சு உக்காந்துட்டாரு, பிபி பாத்தா 88க்கு 50. லோ பிபின்னா என்ன பண்ணுவோம், எல்லா வீட்லயும் பண்றதுதானே, எலுமிச்சம்பழத்துல உப்பு போட்டு கரைச்சு குடுத்தோம், மூணு நாள் விடாம காலைல சாயங்காலம்னு குடுத்தோம். நாலாவது நாள் கால் ரெண்டும் தூணு மாதிரி வீங்கிடுச்சு, வயிறு கும்முனு ஏறிடுச்சு, மூச்சு விட கஷ்டப்பட்டாரு, தலைசுத்தலும் அப்படியேதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரில சேத்து ஆறு லிட்டர் தண்ணி எடுத்தாங்க.

ஏன் அப்படி ஆச்சுன்னு அப்புறம் டாக்டர் பொறுமையா விளக்கினாங்க. லிவர் கல்லு மாதிரி இறுகிப்போனா குடல்ல இருந்து வர்ற ரத்தம் அதுக்குள்ள போக முடியாம பின்னாடி தேங்குது, அந்த அழுத்தத்தால வயித்துப் பக்கத்து ரத்தக்குழாயெல்லாம் அகலமா விரிஞ்சிடுது. ரத்தம் நிறைய அங்கயே தங்கிடறதால உடம்புக்கு மொத்தமா பிபி கம்மியாயிடுது. கிட்னி அதப் பாத்துட்டு உடம்புல தண்ணியே இல்ல போலன்னு நினைச்சு, கிடைக்கற உப்பையும் தண்ணியையும் புடிச்சு வச்சுக்குது. அதனால நீங்க குடுக்கற உப்பு ரத்தக்குழாய்ல நின்னு பிபிய ஏத்தறதில்ல, நேரா வயித்துக்கும் காலுக்கும் போய் தண்ணியாத் தேங்குது. மத்தவங்களுக்கு லோ பிபிக்கு சொல்ற வைத்தியம் இவங்களுக்கு ஏன் ஆகாதுன்னா இதனாலதான். வயித்துல தண்ணி இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராம் உப்புதான் கணக்கு, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், அதுல ஊறுகா, அப்பளம், கருவாடு, மோர் மிளகா, பிஸ்கட் எல்லாமே அடக்கம். எலெக்ட்ரால் மாதிரி ஓஆர்எஸ் பவுடரும் உப்புதான், பேதியே ஆனாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுங்க. இளநியும் அப்படித்தான், வயித்துத் தண்ணிக்கு ஸ்பைரோனோலாக்டோன்னு நீர் பிரியற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு பொட்டாசியம் ஏற்கனவே ஏறுற வாய்ப்பு இருக்கு, தினமும் ரெண்டு இளநி குடுத்தா இதயத்துக்கே ஆபத்து. கடைல விக்கற சோடியம் குறைச்ச உப்பும் வேணாம், சோடியத்துக்கு பதிலா அதுல பொட்டாசியம்தான் சேத்திருப்பாங்க.

இதுக்கு நேரெதிரா இன்னொரு தப்பும் நடக்குது. வயித்துல தண்ணி இருக்கேன்னு குடிக்கற தண்ணிய வீட்டுக்காரங்களே பாதியா குறைச்சிடுவாங்க. தண்ணிய குறைக்கச் சொல்றது ரத்தத்துல சோடியம் ரொம்ப இறங்கினாத்தான், பொதுவா 125க்கு கீழ போனா டாக்டரே இவ்வளவு மில்லின்னு அளந்து சொல்வாங்க. அப்படி சொல்லலன்னா தாகத்துக்கு குடிக்க விடுங்க, இல்லன்னா அந்த வறட்சியே தலைய சுத்த வைக்கும், கிட்னியும் அடி வாங்கும்.

சரி, இப்ப தலைசுத்தலுக்கு வருவோம். நம்ம ஊர்ல "தலை சுத்துது"ங்கற ஒரு வார்த்தைல நாலு விஷயத்த சொல்லிடறோம், அதுதான் பெரிய சிக்கல். அப்பா "கிறுகிறுன்னு வருது பாப்பா"ன்னுதான் எப்பவும் சொல்வாரு, நோண்டி நோண்டி கேட்டாத்தான் எது எதுன்னு புரியும். எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருதா, அது பிபி சமாச்சாரம். வீடே ராட்டினம் மாதிரி சுத்துதா, அது பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டது. தலை தெளிவாத்தான் இருக்கு ஆனா கால் நிக்கல, தள்ளாடுதுன்னா சதை கரைஞ்சு போனதா இருக்கலாம், சுகர்ல கால் நரம்பு போனதா இருக்கலாம். தலைக்குள்ள மப்பா, பஞ்சு அடைச்ச மாதிரி, பேச்சே மந்தமா இருக்குன்னா லிவர் சுத்தம் பண்ண முடியாத அம்மோனியாங்கற கழிவு மூளைக்கு ஏறுதோன்னு சந்தேகப்படணும், இதுதான் நாலுல ரொம்ப கவனிக்க வேண்டியது. இதோட எப்ப வருதுன்னும் கேளுங்க, எந்திரிச்சதுமா, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சா, சாப்பிட்டதுமா, வெறும் வயித்துலயா, தண்ணி எடுத்த மறுநாளா. இந்த ரெண்டு கேள்விக்கு பதில் கிடைச்சாலே பாதி கிணறு தாண்டியாச்சு.

வீட்ல ஒரு டிஜிட்டல் பிபி மிஷின், எடை மிஷின், சுகர் பாக்கற குளுக்கோமீட்டர், விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர், இந்த நாலும் இருக்கணும். நகை வாங்கறத தள்ளிப்போட்டாவது இத வாங்கிடுங்க. பிபி பாக்கறதுல ஒரு முறை இருக்கு, வெறுமனே உக்கார வச்சு பாத்தா எங்க அப்பாவுக்கு 100, 105ன்னு நல்லாத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒரு தடவ பாருங்க, அப்புறம் எந்திரிச்சு நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல ஒரு தடவ, மூணு நிமிஷத்துல ஒரு தடவ. மேல் நம்பர் 20 இல்லன்னா கீழ் நம்பர் 10 இறங்கினா அது நிக்கும்போது பிபி விழற ஆளு, அத எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. நிக்க வைக்கும்போது பக்கத்துல கட்டில் இருக்கட்டும், ஒரு ஆள் புடிச்சுக்கோங்க, சுத்துதுன்னா உடனே உக்கார வச்சிடுங்க, மூணு நிமிஷம் முடியட்டும்னு நிக்க வைக்காதீங்க.

இனி மாத்திரைங்க. என் அனுபவத்துல பாதிக்கு மேல தலைசுத்தல் மாத்திரை டப்பாவுலதான் இருக்கு.

முதல்ல பழைய பிபி மாத்திரை. அப்பா 12 வருஷமா பிபிக்கு மாத்திரை சாப்பிட்டவரு, லிவர் முத்தினதும் பிபி தானா இறங்கிடும்னு எங்களுக்கு தெரியாது, பழைய சீட்டப் பாத்து அதையே வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தோம். அதுவும் டெல்மிசார்ட்டன், லொசார்ட்டன், எனலாப்ரில் மாதிரி வகையெல்லாம் வயித்துல தண்ணி வந்தவங்களுக்கு கிட்னிய கெடுக்கும், பொதுவா நிறுத்தச் சொல்லிடுவாங்க. நாமளாத்தான் ஞாபகப்படுத்தணும், ஏன்னா சுகருக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர், லிவருக்கு ஒரு டாக்டர்னு தனித்தனியா எழுதும்போது மொத்த லிஸ்ட்டையும் ஒரே பார்வையில பாக்கறது யாருமில்ல. வயசான ஆம்பளைங்களுக்கு பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் குடுத்திருப்பாங்க, அதுவும் எந்திரிக்கும்போது பிபிய சரக்குனு இறக்கும். எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு அப்படியே லிவர் டாக்டர் மேஜைல கொட்டுங்க, வெக்கப்படாதீங்க.

ரெண்டாவது நீர் பிரியற மாத்திரை, ஆல்டாக்டோன், லேசிக்ஸ், டைட்டர் ப்ளஸ், லாசிலாக்டோன்னு பல பேர்ல வரும். வயித்துத் தண்ணிக்கு இது வேணும்தான், ஆனா அளவு மீறினா உடம்பு வறண்டு, சோடியம் இறங்கி, கெண்டைக்கால் இழுத்து, தலை சுத்தும். மீறுதான்னு கண்டுபிடிக்கத்தான் எடை மிஷின். தினமும் காலைல யூரின் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி துணியோட நிக்க வச்சு எழுதுங்க. கால்ல வீக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ வரைக்கும் குறையலாம், கால்ல வீக்கமே இல்லாம வயித்துல மட்டும் தண்ணின்னா அரை கிலோவுக்கு மேல குறையக்கூடாது. அதவிட வேகமா இறங்கினா அன்னைக்கே போன் பண்ணுங்க. வாந்தி பேதி வந்த நாள், சாப்பாடே இறங்காத நாள், காய்ச்சல் நாள், இந்த மாதிரி நாள்ல இந்த மாத்திரைய நிறுத்தி வைக்கணுமான்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, ராத்திரி பத்து மணிக்கு யாரக் கேக்கறதுன்னு முழிக்க வேணாம். சாயங்காலத்துக்கு மேல இத போட்டா ராத்திரி பூரா யூரினுக்கு எந்திரிப்பாங்க, இருட்டுல விழறது அப்படித்தான், அதனால காலைல போடற மாதிரி நேரத்த மாத்த முடியுமான்னு கேளுங்க.

மூணாவது புரோப்ரனலால், கார்வெடிலால். உணவுக்குழாய்ல வீங்கின ரத்தக்குழாய் வெடிக்காம இருக்க குடுப்பாங்க. பிபியும் இறக்கும், நாடித்துடிப்பையும் குறைக்கும், துடிப்பு 55, 60ல நிக்கணும்னு வேணும்னே அப்படி குடுக்கறது. இதுல மேல் பிபி 90க்கு கீழ போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும், அளவ குறைப்பாங்க இல்ல நிறுத்துவாங்க. ஆனா தலை சுத்துதேன்னு நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க, திடீர்னு விட்டா ரத்தக்குழாய் அழுத்தம் ஏறி ரத்தவாந்தி வர வாய்ப்பிருக்கு. இன்னொன்னு, இது யாரும் சொல்லித்தராதது, இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் சுகர் இறங்கினாலும் நெஞ்சு படபடக்காது. நாடி 60தானே இருக்கு ஒன்னுமில்லன்னு நினைச்சிடாதீங்க, வேர்வை கொட்டுதா, முகம் வெளுத்திருக்கான்னு பாருங்க.

அடுத்து மெடிக்கல் ஷாப்ல வாங்கற தலைசுத்தல் மாத்திரை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின், பீட்டாஹிஸ்டின், இதெல்லாம் காதுல வர்ற சுத்தலுக்கு. பிபி இறங்கி வர்ற கிறுகிறுப்புக்கு இது ஒன்னும் பண்ணாது, அதுலயும் முதல் ரெண்டும் தூக்கத்த குடுக்கும், புரோகுளோர்பெரசின் பிபிய இன்னும் இறக்கும். ஒருதடவ எங்க மாமா பாசத்துல வாங்கிட்டு வந்து குடுத்துட்டாரு, அன்னைக்கு பூரா அப்பா எழுப்பினா எந்திரிக்கல, தூக்கமா அம்மோனியாவான்னு தெரியாம நாங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல. தூக்க மாத்திரை, அல்பிரசோலாம், சளி சிரப்பு, இதெல்லாமும் அதே கணக்குதான், லிவர் இத சீக்கிரம் கழிச்சு வெளியேத்தாது, உடம்புலயே தங்கி மயக்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேணவே வேணாம், கிட்னி நின்னுடும். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள்ள, அதாவது 500 மில்லிகிராம் நாலு வரைக்கும், அதுவும் உங்க டாக்டர் சரின்னா. கீழாநெல்லி, சீந்தில் கொடி, சித்த லேகியம்னு அன்போட கொண்டாந்து குடுப்பாங்க, நானும் நம்ம வைத்தியத்த மதிக்கறவதான், ஆனா முத்தின லிவருக்கு டாக்டருக்கு தெரியாம எதுவும் உள்ள போகக்கூடாது, சீந்தில் சாப்பிட்டே லிவர் கெட்டவங்கள நம்ம நாட்டு டாக்டருங்களே பதிவு பண்ணியிருக்காங்க.

சுகர் இறங்கி வர்ற தலைசுத்தல நிறைய பேர் கோட்டை விடறாங்க. நல்ல லிவர்னா ராத்திரி பூரா சாப்பிடலன்னாலும் சேத்து வச்ச சர்க்கரைய கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்கு விடும், முத்தின லிவர்ல அந்த சேமிப்பே கிடையாது. ஒரு ராத்திரி பட்டினி இவங்களுக்கு மத்தவங்க ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்ததுக்கு சமம், உடம்பு சதைய அரிச்சு தின்ன ஆரம்பிச்சிடும். அதனால படுக்கப் போறதுக்கு முன்னாடி கண்டிப்பா ஏதாவது மாவுச்சத்து உள்ளது குடுங்க, மூணு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் மாதிரி, இல்ல கேழ்வரகு கஞ்சி, இல்ல பால்ல நனைச்ச ரொட்டி. அப்பாவுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு இத ஆரம்பிச்ச ஒரு வாரத்துல காலைல வர்ற கிறுகிறுப்பு நல்லாவே குறைஞ்சுது, நாலரை வருஷத்துல நாங்க பண்ண ரொம்ப உபயோகமான வேலை இதுதான்னு சொல்வேன். சுகருக்கு இன்சுலின், கிளிமிபிரைடு எடுத்துக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், தலை சுத்துதுன்னு சொன்னதும் விரல்ல குத்திப் பாருங்க, 70க்கு கீழன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடுத்து 15 நிமிஷத்துல திரும்ப பாருங்க. ஆளு அரை மயக்கத்துல இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்கு போயிடும், 108க்கு போன் பண்ணுங்க. மூணு மாச சுகர் டெஸ்ட்டான எச்பிஏ1சி ரத்தம் கம்மியா இருக்கறவங்களுக்கு சரியா காட்டாது, அத நம்பி சுகர் மருந்த ஏத்தாதீங்க.

விரதம் விஷயமும் சொல்லணும். எங்க அப்பா புரட்டாசி சனிக்கிழமை விடாம விரதம் இருக்கறவரு, நான் சொன்னா கேக்கல. அம்மாதான் "என்னங்க, பெருமாள் உங்கள பட்டினி கிடக்கச் சொன்னாரா, துளசி தீர்த்தம் வாங்கிட்டு சாப்பிடுங்க"ன்னு சொல்லி சமாதானம் பண்ணுச்சு. சஷ்டி, ரம்ஜான் நோன்பு எதா இருந்தாலும் வீட்ல இருக்கறவங்க பக்குவமா பேசித்தான் ஆகணும். அப்புறம் பருப்பு, முட்டை, தயிர் குடுத்தா அம்மோனியா ஏறும்னு பயமுறுத்தறது பழைய கதை. இப்ப உடம்பு எடைல கிலோவுக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் வரைக்கும் புரதம் வேணும்னுதான் சொல்றாங்க. தொடையிலயும் கெண்டைக்கால்லயும் சதை இருந்தாத்தான் நிக்கும்போது ரத்தம் மேல ஏறும், சதை போச்சுன்னா தலைசுத்தலும் தள்ளாட்டமும் கூடத்தான் செய்யும். ஒரே மூச்சா வயிறு முட்ட குடுக்காம அஞ்சாறு வேளையா பிரிச்சுக் குடுங்க, பெரிய சாப்பாடு சாப்பிட்டதும் ரத்தம் வயித்துக்கு போயி பிபி விழும்.

அந்த மப்பு சமாச்சாரம். குடல்ல உண்டாகற அம்மோனியாவ லிவர் சுத்தம் பண்ண முடியாம மூளைக்கு போகுது, முதல்ல இப்படித்தான் ஆரம்பிக்கும், "தலை ஒரு மாதிரியா இருக்கு". பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிருப்பாங்க, சிடுசிடுன்னு இருப்பாங்க, சட்டை பட்டன் மாத்திப் போடுவாங்க. நாங்க ஒரு நோட்டுல தினமும் அப்பா கையெழுத்து வாங்குவோம், கோணலாச்சுன்னா அடுத்த நாள் குழம்பப் போறாருன்னு எங்களுக்கு தெரிஞ்சிடும். ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, டிராஃபிக் போலீஸ் வண்டிய நிறுத்தற மாதிரி மணிக்கட்ட மடக்கச் சொல்லுங்க, கை பறவை ரெக்க மாதிரி டக் டக்குனு விழுந்தா உடனே டாக்டர பாக்கணும். ஒரு நிமிஷத்துல எத்தனை மிருகம் பேர் சொல்றாங்கன்னும் எண்ணலாம், பத்து கூட தாண்டலன்னா சந்தேகம்தான். இதுக்கு குடுக்கற லாக்டுலோஸ் சிரப்புல கணக்கு என்னன்னா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ இளக்கமா மோஷன் போகணும். போகலன்னா அம்மோனியா ஏறும், ஆறு ஏழு தடவ தண்ணியா போச்சுன்னா உடம்பு வறண்டு பிபி இறங்கி அதுவே தலைய சுத்த வைக்கும், அம்மோனியாவையும் கிளப்பும். அதனால மில்லி கணக்க விட மோஷன் கணக்குதான் முக்கியம். இந்த நிலைமைல இருக்கறவங்க வண்டி ஓட்டவே கூடாது, பக்கத்துக் கடை வரைக்கும்தானேன்னு ஸ்கூட்டர் சாவிய குடுக்காதீங்க.

ரத்தம் கசியறத எப்படி தெரிஞ்சுக்கறது. திடீர்னு புதுசா தலைசுத்தல் கூடுது, முகம் வெளுக்குது, மோஷன் தார் மாதிரி கருப்பா பிசுபிசுன்னு கெட்ட வாடையோட போகுதுன்னா உள்ள ரத்தம் போகுதுன்னு அர்த்தம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாத்தான் போகும், ஆனா அவ்வளவு பிசுபிசுப்பும் நாத்தமும் இருக்காது. சந்தேகமா இருந்தா ரத்தம்னே வச்சுக்கிட்டு கிளம்பிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ரத்தவாந்தின்னா ஒரு நிமிஷம் கூட வீணாக்கக்கூடாது, ஒருக்களிச்சு படுக்க வச்சு 108.

வயித்துத் தண்ணி எடுத்ததுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் தலைசுத்தல் வரும். 5 லிட்டருக்கு மேல எடுத்தா லிட்டருக்கு 6ல இருந்து 8 கிராம் வீதம் ஆல்புமின்னு ஒரு புரதத்த ட்ரிப்ஸா ஏத்தணும், 20 சதவீத பாட்டில் 100 மில்லில 20 கிராம் இருக்கும், அப்ப 6 லிட்டருக்கு ரெண்டு பாட்டில். ஏத்தலன்னா சில நாள்ல பிபியும் கிட்னியும் படுத்துடும். விலை ஜாஸ்திதான், எங்களுக்கும் ஒவ்வொரு தடவையும் கைய கடிச்சுது, ஆனா இதுல மிச்சம் புடிக்காதீங்க, ஏத்தினாங்களான்னு வாய் விட்டு கேளுங்க. தண்ணி எடுத்த அன்னைக்கு தனியா பாத்ரூம் அனுப்பாதீங்க. வயிறு வலி, குளிர் நடுக்கம், யூரின் குறையுது, ஆளு மந்தமாகுது, இதோட பிபி இறங்கினா வயித்துத் தண்ணில கிருமி சேந்திருக்கலாம். காய்ச்சலே இல்லாமலும் வரும், தண்ணிய கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லி அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும்.

சில பேருக்கு உக்காந்தா மூச்சு வாங்கும் தலை சுத்தும், படுத்தா சரியாயிடும். அவங்களுக்கு ஆக்சிமீட்டர படுத்தபடி ஒரு தடவ நின்னபடி ஒரு தடவ வச்சுப் பாருங்க, நிக்கும்போது குறைஞ்சா லிவரால நுரையீரலும் பாதிச்சிருக்கலாம், டாக்டர்கிட்ட இத குறிப்பா சொல்லணும். அதே மாதிரி எல்லாத்தையும் லிவர் தலைல கட்டிடவும் கூடாது, படுக்கைல புரண்டு படுக்கும்போது மட்டும் வீடு சுத்தி ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிட்டா அது காதுல துகள் நகந்ததா இருக்கும், இஎன்டி டாக்டர் தலைய ஒரு முறையா திருப்பியே சரி பண்ணுவாரு, மாத்திரை கூட தேவைப்படாது.

இப்ப எந்திரிக்கற முறை. படுக்கைல இருந்தே பாதத்த மேல கீழ இருபது தடவ ஆட்டணும், கெண்டைக்கால் சதை இறுகி ரத்தத்த மேல தள்ளும். அப்புறம் ஒருக்களிச்சு, கையூன்றி உக்காந்து, கால தொங்கப்போட்டு ரெண்டு நிமிஷம். அப்புறம் கட்டில புடிச்சு நின்னு ஒரு நிமிஷம், அதுக்கப்புறம்தான் முதல் அடி. பாய்ல தரைல படுக்கற பழக்கம் இருந்தா மாத்தி கட்டில் போடுங்க, தரைல இருந்து எந்திரிக்கறது இவங்களுக்கு மாடி ஏறற மாதிரி. நடுவுல சுத்திச்சுன்னா கௌரவம் பாக்காம அங்கயே தரைல உக்காந்திடணும், எங்க அப்பா இதுக்கு மட்டும் ஆறு மாசம் ஒத்துக்கல. காலுக்கு கீழ ரெண்டு தலகாணி வச்சு படுக்க வைங்க, வயிறு பெருசா இருந்து மல்லாக்க படுத்தா மூச்சு முட்டினா ஒருக்களிச்சு. நிக்க வேண்டிய இடத்துல, ரேஷன் கடை வரிசை, கோயில் தீபாராதனை, துக்க வீடு, இங்கல்லாம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உக்கார வைங்க, முடியாத பட்சத்துல கால பின்னி நின்னு தொடைய இறுக்கிப் புடிக்கச் சொல்லுங்க.

பாத்ரூம்லதான் நிறைய பேர் விழறாங்க. ரொம்ப சூடான தண்ணி வேணாம், சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சு பிபி இறங்கும், வெதுவெதுன்னு போதும், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கணும். குத்த வச்சு உக்காரற கக்கூஸ்னா எந்திரிக்கும்போது கண்ணு இருட்டும், அது மேல போடற கமோட் சேர் சர்ஜிக்கல் கடைல கிடைக்கும். ஆம்பளைங்க ராத்திரில உக்காந்தே யூரின் போகட்டும், கொல்லைல பாத்ரூம் இருக்கற வீடுன்னா கட்டில் பக்கத்துலயே யூரின் கேன் வச்சிடுங்க. தாழ்ப்பாள் போடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க, நாங்க உள்பக்க தாழ்ப்பாளையே கழட்டிட்டு திரைச்சீலை மாட்டினோம்.

விழுந்து தலைல அடி பட்டுச்சுன்னா, ரத்தம் வரலன்னாலும், நல்லா பேசினாலும், ஆஸ்பத்திரிக்கு போய் சிடி ஸ்கேன் கேளுங்க. லிவர் நோயாளிக்கு தட்டணுவும் கம்மி, ரத்தம் உறையறதும் கம்மி, மண்டைக்குள்ள மெதுவா ரத்தம் கசிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு குழப்பம் வரும், நாம அம்மோனியான்னு நினைச்சு சிரப்ப ஏத்திக்கிட்டு இருப்போம். வாய் கோணுது, ஒரு பக்க கை கால் விழுது, பேச்சு குழறுதுன்னாலும் 108தான்.

டாக்டர்கிட்ட போறப்ப "தலை சுத்துதுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும், நோட்ட நீட்டிடுங்க. தேதி, எடை, படுத்த பிபி, நின்ன பிபி, மோஷன் எத்தனை, சுகர், எப்ப சுத்திச்சு எப்படி சுத்திச்சு, இவ்வளவுதான் கோடு போட்டு எழுதணும். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின் கடைசியா எப்ப பாத்ததுன்னு கேளுங்க. எல்லா மாத்திரையையும் சரி பண்ணியும் பிபி ஏறலன்னா மிடோட்ரின்னு ஒரு மாத்திரை சில பேருக்கு குடுப்பாங்க, உங்காளுக்கு ஆகுமான்னு கேட்டுப் பாருங்க. சோடியம் அடிக்கடி இறங்கறது, பிபி நிக்காம இருக்கறதெல்லாம் லிவர் இன்னும் தளருதுன்னு காட்டற அடையாளம். அப்ப லிவர் மாற்று ஆபரேஷனுக்கு பதிவு பண்ணலாமான்னு தயங்காம பேச்ச எடுங்க, தமிழ்நாட்டுல டிரான்ஸ்டான்கற அரசு உறுப்பு மாற்று ஆணையம் மூலமா பதிவு நடக்குது, சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிலயும் பண்றாங்க, முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துலயும் இது இருக்கு. நாங்க இந்தப் பேச்ச எடுக்கும்போது அப்பாவுக்கு இதயம் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க, ரெண்டு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்.

கடைசியா ஒண்ணு. ராத்திரில எங்கள எழுப்பக் கூச்சப்பட்டே அப்பா மூணு தடவ தனியா எந்திரிச்சு விழுந்தாரு. "நாள் பூரா வேலை செஞ்சுட்டு தூங்கற புள்ளய எப்படிம்மா எழுப்பறது"ன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. அப்புறம் பூஜை ரூம்ல இருந்த சின்ன மணிய எடுத்து அவரு தலகாணிக்கு பக்கத்துல, கைக்கு எட்டற மாதிரி வச்சோம், கூப்பிட வேணாம்ப்பா, ஆட்டினா போதும்னு சொன்னேன். அதுக்கப்புறம் ராத்திரில விழவே இல்ல.